பருமா நாட்டில் நம்மவர் குடியேற்றமும் அந்நாட்டுக் குடிவரவுச் சட்டங்களும்

மக்கள் தாம் பிறந்த நிலத்தை விட்டுப் பிறநிலம் புகுதற்குக் காரணம் யாதென வினவின், பெரும்பாலார் வறுமையென்றே விடையிறுப்பர். அவ்விடை முழுவதும் பொய்யன்று, முழுவதும் மெய்யுமன்று. வறுமையொன்றே காரணமாயின், மிக வறியவரே மிகுதியாகப் புறப்பட்டிருத்தல் வேண்டும். அங்ஙனம் எந்நாட்டிலும் நிகழ்ந்ததில்லை. கப்பற்கூலிக்கும் வகையற்றவன் ஊரிலேயே கிடந்து மடிகின்றான். ஆதலின், ஒரு குடி பெயர்தற்கு மூன்று காரணங்கள் ஒருங்கு கூடுதல் வேண்டும். முதலாவது, பிறந்த மண்ணினின்றும் தள்ளும் குறை. இரண்டாவது, புகும் மண்ணிற்கு ஈர்க்கும் ஆக்கம். மூன்றாவது, அவ்விரண்டனையும் இணைக்கும் வழி. வழியென்றது கப்பலை மட்டுமன்று. முன் சென்றவன் எழுதும் கடிதமும், இறங்கிய அன்றே தங்குதற்குரிய இடமும், கைம்முதல் தரும் உறவினரும், உட்புகவிடும் சட்டமும் ஆகிய எல்லாம் வழியேயாம்.

இவற்றுள் இறுதியிற் கூறிய சட்டம் ஒன்றே புகும் நாட்டார் கையில் உள்ளது. அச்சட்டத்தை ஒரு நாடு எவ்வாறு வகுக்கின்றது, யார் பொருட்டு வகுக்கின்றது, எக்காலத்து மாற்றுகின்றது என்பன ஆராயத்தக்கன. அவ்வாராய்ச்சிக்கு நம் நகரத்தார் சமூகத்திற்குப் பருமா நாட்டினும் சிறந்த சான்று வேறில்லை. 1989 முதல் மியன்மா எனப் பெயர் பெற்றுள்ள அந்நாட்டின் தேக்கு, செட்டிநாட்டு வளவுகளில் இன்றும் தூணாய் நிற்கின்றது. ஆயினும், அத்தேக்கு இங்கு வந்த வரலாற்றையும், அதனை அனுப்பியவர் வெறுங்கையராய்த் திரும்பிய வரலாற்றையும் நம் இளைஞருள் அறிந்தோர் சிலரே.

முதற்கண் தள்ளிய குறையை நோக்குவோம். செட்டிநாடு வானம்பார்த்த பூமி. பேராறு பாயாத அந்நிலத்தில் உழவினால் பெருஞ்செல்வம் ஈட்டல் அரிது. ஆதலின் நம் முன்னோர் உப்பும் நெல்லும் துணியும் விற்றனர். பின்னர்க் கொடுக்கல் வாங்கலில் இறங்கினர். ஆங்கிலக் கம்பெனியார் ஆட்சி வலுப்பெற்றபின், பெருவாணிகத்திற்குரிய கடன் ஐரோப்பியர் பாங்குகளின் கையிற் சென்றது. உள்நாட்டு இலேவாதேவிக்காரர்க்கு இடம் சுருங்கிற்று. முதல் உண்டு; அதனை இடுதற்குக் களம் இல்லை. இஃது ஒருவகைக் குறை. கூலியாட்களை வருத்திய குறை வேறு வகைத்து. 1876 முதல் 1878 வரை சென்னை இராஜதானியைச் சூறையாடிய பெரும்பஞ்சம் போல்வன அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. ஒரே கப்பலின் மேற்றட்டிலும் கீழ்த்தட்டிலும் சென்றோர் ஒரே காரணம்பற்றிச் சென்றவரல்லர் என்பது கருதத்தக்கது.

இனி, ஈர்த்த ஆக்கம். 1826-இல் யாந்தபு உடன்படிக்கையால் அரக்கானும் தெனாசரிமும் ஆங்கிலேயர் வசமாயின. 1852-இல் கீழ்ப்பருமா முழுவதும் அவர் கைப்பட்டது. 1885-இல் மாண்டலே வீழ்ந்தது. தீபா மன்னர் இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பெற்று 1916-இல் அங்கேயே உயிர் நீத்தார். பருமிய மன்னர் காலத்தில் அரிசியை வெளிநாட்டிற்கு அனுப்புதற்குத் தடையிருந்தது. ஆங்கிலேயர் அத்தடையை நீக்கினர். 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பெற்றமையால் ஐரோப்பியச் சந்தை அணித்தாயிற்று. ஐராவதியின் கழிமுகத்தில் காடும் சதுப்பும் கழனிகளாயின. 1850-களின் இடையில் ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கராக இருந்த கீழ்ப்பருமாவின் நெல்வயல், 1930-களில் 80 லட்சம் ஏக்கரைக் கடந்தது. காடு வெட்டவும் மாடு வாங்கவும் விளைவு வரும்வரை உண்ணவும் பருமிய உழவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பியர் பாங்குகள் அவனை ஏறெடுத்தும் பார்த்தில. அப்பணத்தைக் கொண்டு சென்றவர் நகரத்தார்.

வழியோவெனின், அது நன்கு சமைக்கப்பெற்றிருந்தது. நீராவிக் கப்பல்கள் சென்னையினின்றும் தெலுங்குக் கடற்கரைத் துறைகளினின்றும் இரங்கூனுக்குச் சென்றன. தெலுங்குக் கூலியாட்களை மேஸ்திரிமார் முன்பணம் கொடுத்துத் திரட்டிச் சென்றனர். அவர் கப்பலேறிய கோரிங்கத் துறையின் பெயராலேயே பருமியர் அவர்களைக் கோரிங்கி என்றழைத்தனர். நம்மவர்க்கு இரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கிகள் இருந்தன. செல்லுமிடந்தோறும் தண்டாயுதபாணி கோயிலும் உடன் எழுந்தது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையில், மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு இளைஞர் சென்றனர். தவணை முடிந்ததும் ஊர் திரும்பினர். பின்னர் மீண்டும் சென்றனர். ஆச்சிமார் செட்டிநாட்டிலேயே இருந்தனர். கடல்கடந்து பொருள்வயிற் பிரிவோர் மகளிரை உடன்கொண்டு செல்லுதல் இல்லை என்பது தொல்காப்பியனார் கூறிய நெறி. அந்நெறியை இருபதாம் நூற்றாண்டு வரை வழுவாது காத்தவர் நம்மவரே எனலாம். அதனால் விளைந்த பயனைப் பின்னர்க் காண்போம்.

நிற்க. அக்காலத்துப் பருமாவின் குடிவரவுச் சட்டம் யாதெனின், சட்டமே இல்லை என்பதுதான் விடை. பருமா இந்தியாவின் ஒரு மாகாணமாக வைத்து ஆளப்பெற்றது. காரைக்குடியிலிருந்து இரங்கூனுக்குச் செல்லுதல் காரைக்குடியிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்லுதல் போன்றதே. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கூலியாட்கள் செல்லுதலை வரையறுத்த 1922-ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டமும் பருமாவைத் தொடவில்லை; உள்நாட்டுக்குள் நடப்பது குடியேற்றமன்று என்பது அதன் கருத்து. கதவு அகலத் திறந்திருந்தது. ஆனால் திறந்தவர் வீட்டுக்குரியவர் அல்லர். ஆலைக்கும் துறைமுகத்திற்கும் கூலி குறைந்த ஆட்கள் வேண்டுமென்று விரும்பிய ஆங்கில வாணிகரும், நிலவரி பெருகவேண்டுமென்று விரும்பிய சர்க்காருமே அதனைத் திறந்தனர். பருமியரை ஒருவரும் கேட்டிலர். இவ்வுண்மையே பின்வந்த துன்பங்கட்கெல்லாம் வித்தாயிற்று.

1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பருமாவில் இந்தியர் 10 லட்சத்து 17 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். நாட்டின் மக்கள் தொகையில் நூற்றுக்கு ஏழு பேர் ஆவர். இத்தொகை பெரிதன்று. ஆயின் தலைநகராகிய இரங்கூனின் 4 லட்சம் மக்களுள் ஏறத்தாழ 2 லட்சத்து 12 ஆயிரம் பேர் இந்தியர். பருமியன் தன் தலைநகரிற் சிறுபான்மையனானான். ஒரு நாட்டார் வந்தேறிகளைக் குறித்து அஞ்சுவது மொத்தத் தொகையைக் கணக்கிட்டன்று. தம் கண்முன் நிறைந்து நிற்கும் இடத்தைக் கண்டேயாம்.

நம்மவர் நிலையை இனி நடுவுநிலையோடு ஆராய்தல் வேண்டும். 1929-30-ஆம் ஆண்டுகளில் அமைந்த பருமா மாகாணப் பாங்கு விசாரணைக் கமிட்டியார், செட்டியார் கடைகள் 1650 அளவில் இருந்தன என்றும், அவர் கொடுத்திருந்த கடன் 75 கோடி ரூபாய் அளவினது என்றும் மதித்தனர். நம்மவர் பெற்ற வட்டி அந்நாட்டு வட்டிக்காரர் பெற்றதினும் குறைவு. நம்மவரிடம் கடன்பெற்றுக் கூடுதல் வட்டிக்கு உழவர்க்குக் கொடுத்த பருமியரும் உளர். நிலத்தைக் கவர்தல் நம்மவர் நோக்கமும் அன்று. முதல் பணமாகத் திரும்புதலே வாணிகர் வேண்டுவது. ஆனால் 1930-இல் உலகமெங்கும் பரவிய விலைவீழ்ச்சி நெல்விலையை ஏறத்தாழப் பாதியாக்கிற்று. கடனோ பழைய விலையில் எழுதப்பெற்றது. உழவன் கட்டும் ஆற்றலை இழந்தான். ஈடுவைத்த நிலம் கடன்கொடுத்தோர் கைக்கு வந்தது. கீழ்ப்பருமாவின் தலைமை வாய்ந்த 13 நெல் ஜில்லாக்களில் 1930-இல் நம்மவர் வசமிருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. 1938-இல் நூற்றுக்கு இருபத்தைந்து. ஏறத்தாழ 5 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர், எட்டாண்டுகளில் 24 லட்சம் ஏக்கருக்கு மேலாயிற்று.

சட்டப்படி நம்மவர்மேற் குற்றமில்லை. எழுதிய பத்திரம் உண்டு. கோர்ட்டுத் தீர்ப்பு உண்டு. எனினும், தான் காடு வெட்டித் திருத்திய வயலில் தானே வாரக்குடியாக நிற்கும் உழவனுக்குப் பத்திரமும் தீர்ப்பும் ஆறுதல் ஆவனவல்ல. அவன் நியூயார்க்குச் சந்தையை அறியான். இலண்டன் பாங்கை அறியான். நிலத்தை எழுதிக்கொண்ட செட்டியாரையே அறிவான். நம்மவரும் அந்நெற்களங்களில் அயலாராகவே இருந்தனர். கணக்கறிந்த அளவு அக்குடிகளின் உள்ளத்தை அறிந்தாரல்லர். இதனைக் கூறுதல் முன்னோரைப் பழித்தலன்று. வரலாற்றை வரலாறாகக் காண்டலேயாம்.

பகை வெளிப்படலாயிற்று. 1930 மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத்துத் தெலுங்குத் தொழிலாளர் கூலியுயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். அவர்க்கு மாற்றாகப் பருமியர் அமர்த்தப்பெற்றனர். உடன்பாடு ஏற்பட்டதும் அப்பருமியர் நீக்கப்பெற்றனர். வேலைகொடுத்த கம்பெனியின்மேற் செல்லவேண்டிய சினம், உடன் உழைக்கும் ஏழையின்மேற் பாய்ந்து பெருங்கலகமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் தராவடியில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி தோன்றிற்று. 1938 ஜூலையில் மீண்டும் கலகம் மூண்டு நாடெங்கும் பரவிற்று.

1937 ஏப்ரல் 1-ஆம் நாள் பருமா இந்தியாவினின்றும் பிரிக்கப்பெற்றது. முன்னாள் வரை உள்நாட்டார், மறுநாள் அயல்நாட்டார். ஒருவரும் இடம் பெயர்ந்திலர், எல்லைக்கோடே பெயர்ந்தது. குடிவரவைப் பொறுத்தவரை சில ஆண்டுகள் பழைய நிலையே நீடிக்குமாறு விதிக்கப்பெற்றது. அவ்விடைக்காலத்தில் பாக்ஸ்டர் என்பார் இதனை விசாரிக்க அமர்த்தப்பெற்றார். இந்தியர் வருகை பெருகிவரவில்லை என்பதும், பருமாவிலுள்ள இந்தியருட் பலர் அங்கேயே பிறந்தவர் என்பதும் அவர் கண்ட முடிபுகள். எனினும், அறிக்கை ஒன்று கூற, அரசியல் மற்றொன்று செய்தது. 1941 ஜூன் மாதத்தில், ஊ சா பருமாவின் பிரதம மந்திரியாக இருந்தபொழுது, இந்திய சர்க்காருக்கும் பருமா சர்க்காருக்கும் குடிவரவு ஒப்பந்தம் ஏற்பட்டது. அனுமதிச்சீட்டு இன்றி எவரும் புகலாகாது, சீட்டு இருவகை, அவற்றிற்குக் கட்டணம் உண்டு, தற்காலிகச் சீட்டினர் குறித்த காலத்தில் வெளியேறவேண்டும் என்று அது வகுத்தது. பருமாவிலேயே வேரூன்றியவர்க்கும் அது போதிய காவல் தரவில்லையென இந்தியாவில் எதிர்ப்பெழுந்தது, காந்தியடிகளும் கண்டித்தார்.

அவ்வொப்பந்தம் நடைமுறைக்கு வருமுன் போர் வந்தது. 1941 டிசம்பர் 23-ஆம் நாள் இரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சு 8-ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. 4 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் டாங்கப் கணவாய் வழியாகவும், தம்மு கடந்து மணிப்பூர் வழியாகவும், வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கின் வழியாகவும் நடந்தே வந்தனர். காலராவும் மலைச்சுரமும் பட்டினியும் பல்லாயிரவரை வழியிலேயே மாய்த்தன. சட்டம் செய்ய நினைத்ததினும் மிகுதியைப் போர் செய்துவிட்டது.

போர் முடிந்தபின் திரும்பிச்சென்றோர் கண்டது வேறொரு நாடு. 1947-இலேயே குடிவரவு பற்றிய அவசரச் சட்டம் பிறந்தது. கடவுச்சீட்டும் அனுமதியும் இன்றிக் கரையிறங்குதல் குற்றமாயிற்று. 1948 ஜனவரி 4-ஆம் நாள் பருமா விடுதலை பெற்றது. அவ்வரசு கதவை முற்றும் அடைக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட நிலத்திற் பிறந்து, குறித்த பத்தாண்டுகளுள் எட்டாண்டுகளேனும் பருமாவில் உறைந்து, அங்கேயே நிலையாக வாழக் கருதுவோர் குடியுரிமையை வேண்டிப்பெறலாம் என அதன் அரசியற்சட்டம் கூறிற்று. அக்கதவின் வழியே நுழைந்தவர் மிகச் சிலர். கூலியாட்களுட் பலர்க்கு எழுத்தறிவும் பத்திரமும் இல்லை. நம்மவர்க்கோ மனமில்லை. வீடும் மனையாளும் கோயிலும் செட்டிநாட்டில் இருக்க, பருமியக் குடிமகனாதல் எங்ஙனம்? முற்கூறிய மூன்றாண்டுத் தவணை வாழ்வு வாணிகத்திற்கு வலிமை தந்தது. குடியுரிமைக்கு அதுவே தடையாயிற்று. அதே 1948-இல் நிலத்தைப் பொதுவுடைமையாக்கும் சட்டமும் வந்தது. தாமே உழாதவர் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. ஈடாகக் கிடைத்தது மதிப்பிற்கு ஒவ்வாத சிறு தொகையே. பலர்க்கு அதுவும் இல்லை.

1962 மார்ச்சு 2-ஆம் நாள் நே வின் என்னும் படைத்தலைவர் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963-இல் பாங்குகளும் 1964-இல் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாத்து நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பெற்றன. சிறுகடைக்காரரும் தொழிலாளரும் கப்பலேறினர்; நகைநட்டுகளைக் கொண்டுவரவும் விடப்பட்டிலர். அங்ஙனம் வந்தோர்க்குப் பிழைப்பாக எழுந்ததே சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தருகேயுள்ள பருமா பஜார். இந்தியா வந்தும் மனம் பொருந்தாது, நடந்தே பருமாவுக்குத் திரும்ப முயன்று எல்லையில் தடுக்கப்பெற்றவர், மணிப்பூரைச் சார்ந்த மோரே என்னும் ஊரில் தங்கிவிட்டனர். இன்றும் அங்குத் தமிழர் கோயில் உண்டு. பிறந்த நாடு பருமா. பெற்றோர் நாடு இந்தியா. உறைவதோ இரண்டன் எல்லையில். 1982-இல் வந்த குடியுரிமைச் சட்டம், 1823-க்கு முன்னரே அந்நிலத்தில் நிலைபெற்ற இனத்தவரை முழுக்குடிகளாகவும், ஏனையோரைக் கீழ்ப்படிகளினராகவும் பகுத்தது. எக்குடியிலும் சேர்க்கப்படாத அரக்கானத்து ரோகிங்கியருள் 7 லட்சம் பேர் 2017-இல் வங்காளதேசத்திற்கு ஓடினர்.

இது பருமாவின் தனி இயல்பன்று. இலங்கை, 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964-இல் சாஸ்திரி, சிறிமாவோ இருவரும் செய்த ஒப்பந்தத்தின்படி, 9 லட்சத்து 75 ஆயிரம் பேருள் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும் 3 லட்சம் பேர் இலங்கைக்கும் எனப் பகுக்கப்பெற்றனர். எஞ்சியோரைப் பற்றிய முடிபு பின்னர் 1974-இல் ஏற்பட்டது. பெயர்க்கப்பெற்றவரிடம் எந்நாடு வேண்டுமென முதற்கண் ஒருவரும் கேட்டிலர்.

இவற்றால் பெறப்படும் உண்மை யாது? ஒரு நாட்டின் குடிவரவுக் கொள்கையை நான்கு ஆற்றல்கள் வகுக்கின்றன. ஆட்களை வேண்டும் முதலாளியின் ஊதியம் கதவைத் திறக்கின்றது. வேலையும் நிலமும் இழப்போம் என்னும் உள்நாட்டு ஏழையின் அச்சம் கதவைச் சாத்துகின்றது. தம் மொழியும் சமயமும் கரைந்தொழியுமோ என்னும் நாட்டினத்தாரின் கவலை அதற்குத் தாழிடுகின்றது. பிறநாடுகளோடு கொண்ட உறவு அத்தாழைச் சிறிதே தளர்த்துகின்றது. செல்வம் பெருகுங்கால் முதலாவது வெல்லும். விலைவீழ்ச்சியில் ஏனையவை வெல்லும். ஆதலின், நற்காலத்தில் திறந்த கதவு தீக்காலத்திலும் திறந்திருக்கும் என்று நம்புதல் பேதைமை.

நம் இளைஞர் இன்று வளைகுடா நாடுகட்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றனர். வளைகுடாவில் எத்தனை ஆண்டு உழைப்பினும் குடியுரிமை கிட்டுதல் மிக அரிது. அமெரிக்காவில், நிலைக்குடிச் சீட்டு ஒரு நாட்டார்க்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஏழு என்னும் அளவினால், இந்தியர் நெடுங்காலம் காத்துக்கிடக்கின்றனர். செல்லற்க என்று கூறுதல் வாணிக மரபிற் பிறந்தோர்க்குப் பொருந்தாது. செல்வோர் அந்நாட்டு மொழியைக் கற்க. சட்டத்தைத் தாமே படித்தறிக. பிறப்புச்சான்று முதலிய பத்திரங்களைப் பேணுக. முதல் முழுவதையும் ஒரு நாட்டில் முடக்கற்க. குடியாதற்குரிய கதவு திறக்கும்பொழுது ஆம், அன்று என இரண்டிலொன்றைத் தெளிந்து துணிக. எல்லாவற்றினும் மேலாக, அந்நாட்டு எளியவன் நம்மை எவ்வாறு காண்கின்றான் என்பதை அறிக.

மற்றொன்றும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் மொழி வேறுபட்ட அயல்நாட்டவர் கலந்து இனிதுறைந்தமையைப் பட்டினப்பாலை போற்றும். இன்று பீகாரினின்றும் ஒரிசாவினின்றும் வங்கத்தினின்றும் தொழிலாளர் நம் நாட்டிற்கு வருகின்றனர், நம் கட்டடங்களை எழுப்புகின்றனர், ஆலைகளில் உழைக்கின்றனர். 1937-க்கு முன் நம்மவர் இரங்கூனில் இருந்தவாறே, அவரும் ஓரரசின் எல்லைக்குள் இடம்பெயர்ந்தவரே. அவரைக் குறித்து நம் தெருக்களில் எழும் பேச்சுகள், அன்று மொகல் தெருவில் நம்மவரைக் குறித்து எழுந்த பேச்சுகளையே ஒத்துள்ளன. 1983 முதல் இலங்கையினின்றும் அடைக்கலம் புகுந்து, முகாம்களிலேயே பிறந்து வளர்ந்து, இன்னும் குடியுரிமை பெறாதவரும் நம்மிடையே உளர்.

பருமாவில் நமக்கு இழைக்கப்பெற்றது அநீதியென்று நாம் கருதுவோமாயின், அவ்வநீதியின் இலக்கணம் யாதென அறிதல் வேண்டும். உழைப்பையும் முதலையும் ஏற்றுக்கொண்டு, அவற்றைக் கொணர்ந்த மனிதனை ஏற்க மறுத்தலே அது. அதனை நன்கறிந்த சமூகத்தார் நாம். ஆதலின், நம் கடையிலும் ஆலையிலும் பணிபுரியும் அயலூரானுக்கு முறையான கூலியும், தங்குதற்கு நல்ல இடமும், அவன் மக்கட்குப் பள்ளியும் கிடைக்கச் செய்தல் பிறரினும் நமக்கே முதற்கடனாம். சங்கத்தார் இதனைக் கருதுவாராக.